செராமிக் கோட்டிங் போட்ட வண்டியைப் பகலில் போய் எடுங்கள்

22,000 ரூபாய் கொடுத்து செராமிக் கோட்டிங் (பெயின்ட்டைக் காக்க மேலே தடவி இறுகவிடும் பூச்சு) போட்ட கருப்பு காரை இரவு எட்டு மணிக்குப் போய் எடுத்து வந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் காலை மேடவாக்கத்தில் வீட்டு வாசலில் வெயில் பட்டதும் பார்த்தால், பானெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, அந்த வானவில் நிறம். இடது பின்கதவில் இன்னொன்று.

இதை ஹை ஸ்பாட் என்பார்கள். கோட்டிங் லிக்விடைத் தடவிச் சில நிமிடங்களுக்குள் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துச் சமப்படுத்த வேண்டும். விட்டுப்போன இடத்தில் தடித்து இறுகிவிடும். காற்றில் ஈரம் கூடினால் இந்த நேரக் கணக்கும் மாறும். நான் வண்டியை விட்டதோ நவம்பர் மழையில், ஷட்டரைத் திறந்தே வைத்து வேலை செய்த கடையில்.

போன் செய்தேன். "ரெண்டு வாஷ்ல போயிடும் சார்" என்றார் அங்கிருந்த தம்பி. இறுகிய பிறகு வாஷில் போகாது. நேரில் போனேன்; ஓனர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் அரை நாள் லீவு போட்டுப் போனால், அது வெறும் தண்ணீர்க் கறை என்று ஓனர் சாதித்தார். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினேன். நிறம் அப்படியே எழுந்து தெரிந்தது. அப்புறம்தான் ஒப்புக்கொண்டார்.

பானெட்டையும் கதவையும் மறுபடி பாலிஷ் செய்து, புதிதாகக் கோட்டிங் போட்டுக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கிளியர் கோட், அதாவது பெயின்ட்டின் மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கே, சுமார் 40, 50 மைக்ரான்தான், கிட்டத்தட்ட ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன். ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் எடுத்துவிடும். அவர்களுடைய அவசரத்துக்கு என் வண்டியின் பெயின்ட் தேய்ந்தது.

அடுத்த அலைச்சல் வாரன்டி கார்டால். மூன்று வருட வாரன்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு வந்தால்தான் செல்லும். ஆறாவது மாதம் போனேன். கார்டில் வண்டி நம்பர் எழுதவில்லை, பில்லைக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். எழுத வேண்டியவர்களே அவர்கள்தான்! கடையை விட்டுக் கிளம்பும் முன் நம்பர், தேதி, சீல் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். பில்லையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது 9ஹெச் என்று சொல்வார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல் தெறித்தால் கோட்டிங் தாங்காது. ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்குப் பின்னால் போய் முன் பம்பரில் இரண்டு பொத்தல் வாங்கியபின் எனக்கு அது புரிந்தது. கல்லடிக்குப் பயந்தால் பிபிஎஃப் என்கிற, பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் ஃபிலிமை ஒட்டுங்கள். செலவு பல மடங்கு.

ஆனால் என்னை அதிகம் படுத்தியது போர் தண்ணீர்தான். எங்கள் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் அண்ணன் விடிந்ததும் ஹோஸால் அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். கோட்டிங் போட்ட பரப்பில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் வெயிலில் ஒவ்வொரு முத்தும் காய்ந்து உப்பு வட்டமாகிவிடுகிறது. ஒரே மாதத்தில் கூரை முழுக்க வெள்ளை வட்டங்கள்.

ஷாம்பு போட்டும் போகவில்லை. வெள்ளை வினிகரில் சம அளவு கேன் தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் நின்ற வண்டியின் மேல் ஒரு நிமிடம் ஒற்றி வைத்துக் கழுவினேன். முதல் வட்டம் கரைந்து அடியில் கருப்பு தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. முதலில் ஒரு மூலையில் மட்டும் செய்து பாருங்கள், காயவும் விடாதீர்கள்.

இப்போது வண்டியை நானே கழுவுகிறேன், ஞாயிறு காலை வெயில் ஏறும் முன். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொன்று. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் கேன் தண்ணீர், உடனே துடைப்பு. காக்கை எச்சம் விழுந்தால் தேய்க்காமல் ஈரத்துணி போட்டு ஊறவிட்டு எடுக்கிறேன். டிக்கியின் வலது ஓரத்தில் ஒரு வட்டம் மட்டும் வினிகருக்கும் போகவில்லை. அதற்காக மறுபடி பாலிஷ் செய்ய நான் விடப்போவதில்லை.