யோசேப்பைத் ‘தந்தை’ என்று எழுதலாமா?

வேத வாசகத்தில் கை வைத்தவர் என்றால் பலருக்கும் மார்க்கியோன் என்ற போதகர்தான் நினைவுக்கு வருவார். 144ஆம் ஆண்டு வாக்கில் ரோமைச் சபை விலக்கிய அவர், லூக்கா நற்செய்தியை வெட்டிச் சுருக்கித் தம்மவர்க்குக் கொடுத்தார். ஆனால் இன்றுள்ள கிரேக்கச் சுவடிகளில் கோட்பாட்டுக் காரணம் தெரியும் பாடபேதங்களில், அதாவது படிக்குப் படி மாறும் வாசகங்களில், பலவற்றைச் செய்தவர்கள் வென்ற தரப்பின், அதாவது பின்னர் திருச்சபையின் போதனையாக நிலைத்த தரப்பின், படியெடுக்கும் எழுத்தர்களே. வேதத்தைக் கெடுப்பது அவர்கள் நோக்கமல்ல. எதிராளி பிடித்துக்கொள்ளும் சொல்லை அவனுக்கு எட்டாமல் வைக்கவே முயன்றார்கள்.

லூக்கா 2:33ஐப் பாருங்கள். மிகப் பழைய கிரேக்க வேதச் சுவடிகளான சீனாய், வத்திக்கான் சுவடிகளில் “அவருடைய தந்தையும் தாயும்” வியந்தார்கள் என்றிருக்கிறது. அவற்றுக்கு அடுத்த காலத்து அலெக்சாந்திரியச் சுவடியிலும் பிற்காலப் படிகள் பெரும்பாலானவற்றிலும் ‘தந்தை’ போய் ‘யோசேப்பு’ வந்துவிட்டது. இயேசு யோசேப்புக்குப் பிறந்த மனிதர், கடவுள் பின்னர் அவரை மகனாக ஏற்றார் என்று வாதிட்டவர்களுக்கு இப்படி வழி அடைபட்டது. ஆனால் 2:48இல் மரியாளே “உன் தந்தையும் நானும்” என்கிறார். அதைப் பெரும்பாலான படிகள் அப்படியே விட்டுவிட்டன. எனக்கு இந்த ஒழுங்கின்மைதான் மிக முக்கியமான சான்று. மேலிடத்து ஆணைப்படி நடந்த திருத்தமானால் இரண்டு இடமும் மாறியிருக்கும். கண் இடறிய இடத்தில் மட்டும் எழுத்தர் கை வைத்திருக்கிறார்.

சேர்ப்பும் உண்டு. லூக்கா 22:43-44இல் வரும், இயேசுவின் இரத்தத்துளி போன்ற வியர்வை, பாப்பிரசு 75 எனப்படும் பழைய நாணல்தாள் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை. கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம் என்றவர்களுக்கு எதிராக, இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆயர் இரேனியு இதை எடுத்துக்காட்டுகிறார். சீனாய்ச் சுவடியில் முதல் எழுத்தர் இதை எழுதினார். ஒரு திருத்துநர் நீக்கக்குறி இட்டார். பின்வந்தவர் அந்தக் குறியை அழித்தார். ஒரே தோலில் மூன்று முடிவுகள்!

1 தீமோத்தேயு 3:16இல் வேறுபாடு இரண்டு கோடுகளில் அடங்கிவிடுகிறது. ‘அவர்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்கு ஓமிக்ரான், சிக்மா என இரண்டே எழுத்து. திருப்பெயர்களைச் சுருக்கி மேலே கோடிடுவது வழக்கம். ‘கடவுள்’ என்பதன் சுருக்கம் தீட்டா, சிக்மா. எனவே ஓமிக்ரான் வட்டத்துக்குள் ஒரு கோடும் மேலே ஒரு கோடும் போட்டால் “அவர் மாம்சத்தில் வெளிப்பட்டார்” என்பது “கடவுள் மாம்சத்தில் வெளிப்பட்டார்” ஆகிவிடும். அலெக்சாந்திரியச் சுவடியில் வட்டத்துக்குள் தெரிவது மறுபக்கத்து எழுத்தின் கோடு என்றும், எனவே அங்கு முதலில் இருந்தது ‘அவர்’ என்பதே என்றும் 18ஆம் நூற்றாண்டில் சுவடி ஆய்வாளர் வெட்ஸ்டைன் வாதிட்டார்.

ஆயினும் எடுத்த எடுப்பில் எழுத்தர்மேல் கோட்பாட்டுப் பழி போடக் கூடாது. முதலில் கண் தாவியிருக்குமா, அதாவது ஒரேபோல் முடியும் இரு வரிகளுக்கு நடுவே உள்ளது விடுபட்டதா என்று பாருங்கள். அடுத்து, இணை நற்செய்தியின் வாசகம் நினைவில் நின்று புகுந்ததா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தாதபோதுதான் மூன்றாவதான கோட்பாட்டுக் காரணத்துக்குப் போகலாம். மத்தேயு 24:36இல் “மகனும் அறியார்” என்பது பல படிகளில் இல்லை. மகன் தந்தைக்கு நிகரல்லர், படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவின் ஆதரவாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டிய கருத்து அது. அதனால் நீக்கம் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் மாற்கு 13:32இல் அதே சொற்கள் ஏறக்குறைய எல்லாச் சுவடிகளிலும் இருப்பதால், மாற்கிலிருந்து மத்தேயுவுக்கு வந்து சேர்ந்ததா என்ற எதிர்க்கேள்வியும் எழுகிறது. சீனாய், வத்திக்கான் இரண்டிலும் முதல் எழுத்தரின் கையிலேயே அது இருப்பதால், நீக்கம் என்ற பக்கமே என் மனம் சாய்கிறது.