ஃபூக்கோவின் ஊசல்: பாதி தாண்டியாயிற்று

உம்பெர்த்தோ எக்கோவின் 'ஃபூக்கோவின் ஊசல்' நாவலில் ஒருவழியாகப் பாதியைத் தாண்டிவிட்டேன். 1988இல் இத்தாலிய மொழியில் வந்த நாவல். நான் வாசிப்பது வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மொத்தம் 120 அத்தியாயங்கள்.

தொடக்கம் கடினம்தான். பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில், பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோவின் ஊசலைப் பார்த்தபடி ஒருவன் நிற்கிறான்; ஏன் என்று லேசில் தெரியாது. விளங்காததை அப்படியே விட்டுவிட்டு மேலே போங்கள். சிலுவைப்போர்க் காலத்து டெம்ப்ளர் வீரத்துறவிகள் வந்ததும் கதை ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கொப்பியில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் வரலாறு, வலப்பக்கம் நாவலின் கற்பனை என்று எழுதி வருகிறேன். இடப்பக்கத்தில்: 1307 ஒக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, பிரான்ஸ் மன்னன் நான்காம் பிலிப் டெம்ப்ளர்களைக் கூண்டோடு கைது செய்தான். அவர்களிடம் அவனுக்குப் பெருங்கடன் இருந்தது. 1312இல் பாப்பரசர் டெம்ப்ளர் சபையைக் கலைத்தார். 1314இல் தலைவர் ஜாக் த மொலே உயிரோடு எரிக்கப்பட்டார். டெம்ப்ளர்களைப் பொறுத்தவரை அத்தோடு இடப்பக்கம் நின்றுவிடுகிறது. வலப்பக்கமோ அங்கேதான் நிரம்பத் தொடங்குகிறது: தப்பியவர்கள், நூற்றாண்டுகள் தாண்டிய திட்டம், உலகை ஆளும் இரகசியம்.

1614இல் ஜெர்மனியில் ரோசிக்குரூசியர் என்ற மறைசபையின் பேரில் ஓர் அறிக்கை அச்சாகிறது. அந்தச் சபையைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. ஆனாலும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பலர் கடிதங்களை அச்சிட்டே வெளியிட்டார்கள். இல்லாத சபைக்கு ஆள் சேர்ந்த விதம் இதுதான். நாவலின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என்னை உலுக்கிப்போட்டது 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' வரும் இடம். யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லி 1903இல் ரஷ்யாவில் வெளிவந்த போலி ஆவணம் அது. பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி மொரிஸ் ஜோலி 1864இல் எழுதிய நூலிலிருந்து பெரும்பகுதி திருடப்பட்டது என்று 1921இலேயே லண்டன் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. மூல நூலில் யூதச் சதி என்ற பேச்சே இல்லை. பொய் என்று தெரிந்த பிறகும் நாஜிகள் அதைப் பாடசாலைகள் வரை கொண்டுபோனார்கள். வலப்பக்கத்தில் எழுதவேண்டிய ஒன்று இத்தனை உயிர்களைக் குடித்திருக்கிறது. அன்றைக்கு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

பிளவாட்ஸ்கி அம்மையாரின் பெயரும் வருகிறது. 1875இல் நியூயோர்க்கில் அவரோடு சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கியவர் அமெரிக்கரான ஒல்கொட். ஆம், கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் சிலையாக நிற்கும் அதே ஒல்கொட்தான். 1880இல் இருவரும் இலங்கையின் காலி நகரில் வந்திறங்கிப் பௌத்தத்தின் பஞ்சசீலம் ஏற்றார்கள். ஞான இரகசியம் பேசிய சபை, இங்கே பகிரங்கமாகப் பௌத்தப் பள்ளிக்கூடங்களைத் திறந்தது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போய் இறங்கும் எனக்கு, இது இடப்பக்கத்தில் எழுதக் கிடைத்த நம்மூர் வரி.

இப்போது ஆறாம் பகுதி, புத்தகத்திலேயே நீளமானது. நாவலின் நாயகர்களான மிலான் பதிப்பகத்து நண்பர்கள் மூவரும், அபுலாஃபியா என்று பெயரிட்ட கணினியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, தொடர்பில்லாத செய்திகளை முடிச்சுப் போட்டு ஒரு பெரும் சதியைப் புனைகிறார்கள். விளையாட்டாகத்தான் தொடங்குகிறார்கள். அவர்களே அதை நம்பத் தொடங்கும் அறிகுறிகள் தெரிகின்றன. இதை முடிக்கும்வரை வேறு புத்தகம் தொடுவதாக இல்லை.