கடைசியாகப் பார்த்த தேதி: வலசைப் பறவைகள் கிளம்பும் மாதங்களில் நடந்து எடுத்த குறிப்புகள்

வலசைப் பறவைகள் வந்து இறங்குவதைக் குறித்து வைக்க ஆள் நிறைய. ஐப்பசியில் முதல் ஊசிவால் வாத்தைப் பார்த்தவர் அன்று மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் படத்தோடு போட்டுவிடுவார். அவை திரும்பிப் போவதைத்தான் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மற்ற நாடுகளில் வசந்த கால வலசை என்றால் வரவேற்பு. நமக்கு அது வழியனுப்பும் வேலை. மாசியில் ஆரம்பித்துச் சித்திரை முடிவதற்குள், வெயில் ஏற ஏற, குளிர்காலம் முழுக்க இங்கே இருந்தவை ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். இந்த வருஷம் அதைத்தான் எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன். எந்தப் பறவையைக் கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தேன் என்று ஒரு பட்டியல், அவ்வளவுதான்.

கேட்கச் சுலபமாக இருக்கும். முதல் தேதி பார்த்த அந்த நிமிஷமே தெரிந்துவிடும். கடைசித் தேதி அப்படியில்லை. இன்று கம்பியில் உட்கார்ந்திருந்த கீச்சான் குருவி நாளைக்கும் அங்கேயே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். போய்விட்டது என்று சொல்ல இன்னும் பல நாள் அதே இடத்துக்குப் போய் வெறுங்கம்பியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதனால் பார்த்ததை மட்டும் எழுதினால் போதாது. பார்க்காததையும் தேதி போட்டு எழுத வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

இதை முறையாகச் செய்தவர்கள் உண்டு. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து 2007-ல் மைக்ரன்ட்வாட்ச் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வலசைப் பறவையை முதலில் பார்த்த நாள், கடைசியாகப் பார்த்த நாள் இரண்டையும் பொதுமக்களே பதிய வேண்டும். பிற்பாடு அந்த வேலை, பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் இணையதளமான ஈபேர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஈபேர்டில் பட்டியல் பதியும்போது கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா? பலர் அதை யோசிக்காமல் தட்டிவிடுவார்கள். உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ‘ஆம்’ என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவையை அன்று நீங்கள் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்று பொருள். காக்கா, மைனாவை விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் எழுதினால் அந்தப் பட்டியல் இந்த வேலைக்கு உதவாது.

சென்னையில் என் இடங்கள் மூன்று. சோழிங்கநல்லூர் போகும் சாலையோரம் இருக்கும் பெரும்பாக்கம் சதுப்பு. மேடவாக்கம்–தாம்பரம் சாலையில் நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரம். அப்புறம் எங்கள் தெரு. பள்ளிக்கரணைச் சதுப்பை ரேடியல் சாலையிலிருந்து அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம்தான். ஆனால் லாரிப் புழுதிக்கும் பெருங்குடிக் குப்பைமேட்டு வாடைக்கும் நடுவே நின்று, சேற்றில் இரை தேடும் குட்டிப் பறவைகளான கொசு உள்ளான்களை எண்ண ஒரு தனிப் பொறுமை வேண்டும். கையில் 8x42 பைனாகுலர், ஒரு சின்ன நோட்டு, தண்ணீர் பாட்டில், தொப்பி. முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஸ்கோப் இல்லை. வெயில் முதுகுப் பக்கம் விழும்படி நிற்க ஒரு இடம் கண்டுபிடித்துக்கொண்டால் ஸ்கோப் இல்லாத குறை பாதி தீரும். ஒன்பது மணிக்கு மேல் சதுப்பில் கானல் ஆட ஆரம்பித்துவிடும். அப்புறம் எந்த லென்ஸும் பிரயோஜனமில்லை.

மார்ச் முதல் பாதி முழுக்கப் பெரும்பாக்கம்தான். தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. வாத்துகளுக்கு அது கெட்ட சேதி, உள்ளான்களுக்கு நல்ல சேதி. நீலச்சிறகி வாத்தின் ஆண்கள் அப்போதுதான் முழு அழகோடு இருந்தன. வந்த புதிதில் ஆணும் பெண்ணும் ஒரே மங்கல் பழுப்பு. பிப்ரவரி, மார்ச்சில்தான் ஆணுக்குக் கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை அந்த வெள்ளைப் பட்டை பளிச்சென்று வரும். நாம் நன்றாகப் பார்க்கக் கிடைக்கும் நேரத்தில் கிளம்பிவிடும்.

நான் அதிக நேரம் பார்த்தது கருவால் மூக்கன் என்ற நீண்ட அலகுள்ள உள்ளானை. டிசம்பரில் இது சாம்பல் பூசிய பழுப்பு, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. மார்ச்சில் கழுத்தில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வராது. ஒரே கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒன்று இன்னும் சாம்பலாக, ஒன்று மார்பில் திட்டுத் திட்டாக, ஒன்று முகத்திலிருந்து மார்பு வரை முழுச் சிவப்பாக, வயிற்றுப் பக்கம் கரிய வரிகளோடு நின்றன. அலகின் அடிப்பகுதியும் இளஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறிக்கொண்டிருந்தது. நெருங்கி வந்த ஒன்றை வெகு நேரம் பார்த்தேன். அலகை நெற்றி முட்டும் வரை சேற்றில் இறக்கி, இரண்டு மூன்று தடவை குத்தி, அப்படியே நிறுத்தியது. இந்தப் பறவையால் அலகின் நுனியை மட்டும் சேற்றுக்குள்ளேயே திறந்து இரையைப் பிடிக்க முடியும். வெளியே எடுத்தபோது நுனியில் ஏதோ நெளிந்தது. தலையை ஒரு வெட்டு வெட்டி விழுங்கிவிட்டு அடுத்த அடி வைத்தது.

கால்களுக்குப் பின்னால் அடிவயிறு தொங்கினாற்போல் தெரிந்தால் கொழுப்பு சேர்ந்துவிட்டது, பயணத்துக்குத் தயார் என்று அர்த்தம். ஆராய்ச்சியாளர்கள் பறவையைப் பிடிக்காமலே இந்தச் சரிவை வைத்து மதிப்பெண் போடுவார்கள். நானும் நோட்டில் ‘ஒல்லி, நடுத்தரம், தொப்பை’ என்று மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன். மாதக் கடைசியில் தொப்பைக் கட்டம்தான் அதிகம் நிரம்பியது.

கிளம்ப வேண்டிய நேரம் அவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி சென்னையில் நின்று பார்த்தால் இன்னும் சுவாரசியமானது. பகல் நீள்வதை வைத்து என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இங்கே மார்கழிப் பகலுக்கும் மார்ச் கடைசிப் பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. அவ்வளவு சின்ன மாற்றத்தோடு, உடம்புக்குள்ளேயே ஓடும் ஓர் ஆண்டுக் கடிகாரமும் சேர்ந்து வேலை செய்கிறது. கொசு உள்ளான் சாதாரணமாக இருபது, முப்பது கிராம். அது இந்தக் கணக்கை நம்பித்தான் பெரும்பாக்கம் சேற்றிலிருந்து ஆர்க்டிக் ஓரத்தில் மரமில்லாத துந்திரா வெளிக்குக் கிளம்புகிறது. சீக்கிரம் போனால் அங்கே பனி உருகியிருக்காது. தாமதமானால் குஞ்சு பொரிக்க நாள் போதாது.

வாத்துகள் போன விஷயத்தை எனக்குச் சொன்னது பைனாகுலர் இல்லை. சதுப்போரம் எருமை மேய்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். என்னைப் பார்த்தால் பேசாமல் போகமாட்டார்.

“என்ன சார், இன்னைக்குப் புதுசா எதுனா வந்துதா?”

“புதுசு எதுவும் இல்லண்ணே. யாரு யாரு போயிட்டாங்கன்னு பார்க்கறேன்.”

“வாத்தா? அதெல்லாம் முந்தாநேத்து ராத்திரியே கெளம்பிருச்சு. தலைக்கு மேல கத்திக்கினே போச்சு. நான் இங்கதான் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன்.”

நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். தட்டைவாயன், ஊசிவால் வாத்து இரண்டையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. நீலச்சிறகி மட்டும் ஏப்ரலிலும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பெரும்பாலான வலசைப் பறவைகள் இரவில்தான் பயணம் போகின்றன. காலை நடை போகிறவனுக்குக் கிடைப்பது காலியான தண்ணீர் மட்டும்.

தெருவில் நடந்தது வேறு கதை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் ஒரு பழுப்புக் கீச்சான் செப்டம்பரிலிருந்து குடியிருந்தது. குளிர்காலத்தில் இவை தனித்தனியாக இடம் பிடித்துக்கொண்டு, வேறு கீச்சான் வந்தால் கரகரவென்று கத்தித் துரத்தும். கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய திருடன் முகம். பள்ளிவிட்டு வரும் என் அக்கா பெண்ணுக்கு அதன் இடம், நேரம் எல்லாம் மனப்பாடம். தெருவுக்கு அவள்தான் பொறுப்பு.

அவள் கண்டுபிடித்த இன்னொன்று இருக்கிறது. வேலிப் புதரில் பிளைத் நாணல் கதிர்க்குருவி ஒன்று. உருவம் கண்ணில் படவே படாது. நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல் ‘ட்சக், ட்சக்’ என்று நாள் முழுக்கக் கேட்கும். குளிர்காலம் முழுக்க அந்த ஒரு சத்தம்தான். ஏப்ரல் ஆரம்பத்தில் ஒரு நாள், “மாமா, புதர்ல வேற ஏதோ புதுசா பாடுது” என்று கூப்பிட்டாள். போய் நின்று கேட்டேன். ‘ட்சக்’ நடுவே நடுவே விசிலும், இன்னொரு பறவையின் குரலைப் போலச் சில துண்டுகளும், தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி. அதே குருவிதான். ஊருக்குப் போவதற்கு முன் ஒத்திகை பார்க்கிறது. பின்லாந்திலிருந்து சைபீரியா வரை எங்கோ கூடு கட்டும் இனம். குளிர்காலத்துக்கு ஏறக்குறைய மொத்தமும் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிராம் எடை. அந்தப் பாட்டை இங்கே கேட்கக் கிடைப்பது இந்தச் சில வாரங்களில்தான். வருஷம் முழுக்க நடந்தும் நான் பெற்ற நல்ல பதிவு, வீட்டுக்குப் பின்னால் செருப்புப் போடாமல் நின்று கேட்ட இதுதான் என்பது கொஞ்சம் எரிச்சல்தான்.

தகைவிலான்களைப் பற்றிச் சுருக்கமாக: மார்ச்சில் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்தன, வால் கம்பிகள் புதிதாக நீண்டிருந்தன, ஏப்ரல் நடுவில் கம்பி காலி. மஞ்சள் வாலாட்டி அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் இருந்தது, மார்பு நல்ல மஞ்சளாகி.

சூறைக்குருவிகள் கல்யாண முருங்கைப் பூவுக்கு வந்தன. ரோஜா நிறமும் கறுப்பும் இலையுதிர்ந்த கிளையில் அள்ளிக் கொட்டியதுபோல் தெரியும். மற்ற பறவைகள் புது இறகு போட்டு நிறம் மாறும்போது, இது பெரும்பாலும் தேய்ந்தே அழகாகிறது. இறகு நுனிகளில் இருக்கும் மங்கல் பழுப்பு குளிர்காலம் முழுக்க உராய்ந்து உதிர, அடியில் இருக்கும் நிறம் வெளியே வருகிறது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிக் காலத்தை ஒட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு ஜூலை, ஆகஸ்டிலேயே திரும்பிவிடும் பறவை. வருஷத்தில் பாதிக்கு மேல் நம்மோடுதான். அப்புறம் எப்படி அதை வெளியூர்க்காரன் என்கிறோமோ.

ஏப்ரலில் நன்மங்கலம் பக்கம் கவனத்தைத் திருப்பினேன். பழைய கல்குவாரியில் இருக்கும் கொம்பன் ஆந்தைக்குப் பெயர் போன இடம். எனக்கு வேண்டியிருந்தது வழிப்போக்கர்கள். தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே போகும் வழியில் ஓரிரு நாள் தங்குபவை. கொடிக்கால் வாலாட்டி ஒன்று கிடைத்தது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். சருகுத் தரையில் நடந்தால் அந்த ஆட்டத்தை வைத்துத்தான் கண்ணுக்கே தெரியும். அடுத்து ஆறுமணிக்குருவி. காலை வெளிச்சம் வரும் முன்னே இரண்டு சுரத்தில் விசில். குரல் வந்த பக்கம் போகாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்தேன். கால் மரத்துப்போகும் நேரத்தில் புதருக்கு அடியில் சருகு ஒன்று புரண்டது. குட்டை வால், பச்சை முதுகு, தோளில் நீலம், வால் அடியில் குங்குமச் சிவப்பு. இரண்டு தாவல், சருகைப் புரட்டல், மறுபடி இரண்டு தாவல். இது பெரும்பாலும் நாட்டை விட்டுப் போகாது. மத்திய இந்தியா, இமய அடிவாரம் என்று மழைக்காலத்தை ஒட்டிக் கூடு கட்டப் போகிறது. இந்த மாதிரிப் பறவைக்கு ‘கடைசித் தேதி’ என்பதே பொருந்தாது. ஒரு நாள் வந்தது, மறுநாள் இல்லை.

பட்டியல் நேராகப் போகாத இன்னொரு இடம் சதுப்பு. ஏப்ரல் முடிந்தும் கருவால் மூக்கன்கள் சில அப்படியே சாம்பலாக நின்றன. சிவப்பும் இல்லை, தொப்பையும் இல்லை. பெரும்பாலும் முதல் வருஷக் குஞ்சுகளாக இருக்கும். உள்ளான் இனங்கள் பலவற்றில் இளம் பறவைகள் முதல் கோடையில் வடக்கே போகாமல் குளிர்கால இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே ‘கருவால் மூக்கன், கடைசியாக’ என்று ஒரே கட்டம் போட்டது போதவில்லை. ‘சிவந்தது’, ‘சிவக்காதது’ என்று இரண்டாகப் பிரித்தேன். பூநாரைகளுக்குக் கட்டமே போடவில்லை. தண்ணீர் இருக்கும் வரை அவை கோடையிலும் நிற்கின்றன.

உலக வலசைப் பறவைகள் தினம் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வருகிறது. நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் நம் ஊரில் காட்ட என்ன இருக்கிறது என்று யோசித்தேன். சிவக்காத மூக்கன்களைத்தான் காட்ட வேண்டும்.

ஒற்றைத் தேதியின் மேல் இப்போது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஈபேர்டில் ஓர் இடத்தின் பட்டைப் படத்தைத் திறந்தால், மாதத்துக்கு நான்கு கட்டமாக, முழுப் பட்டியல்களில் எத்தனை சதவீதத்தில் ஒரு பறவை இருந்தது என்று காட்டும். பட்டை மார்ச்சில் தடித்து, ஏப்ரலில் மெலிந்து, மே மாதத்தில் நூலாகிவிடும். ஒருவர் பார்த்த கடைசி நாளைவிட அந்த மெலிவு நிறையச் சொல்கிறது. ஆனால் மெலிவு தெரிய வேண்டுமென்றால், பறவை இல்லாத காலையிலும் யாராவது போய்ப் பட்டியல் போட்டிருக்க வேண்டும். மே மாதத்தில் பெரும்பாக்கத்துக்குப் பதியப்படும் பட்டியல்கள் ஜனவரியில் வருவதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது போல. வெயில் அப்படி.

கீச்சான் கணக்கை அக்கா பெண் முடித்து வைத்தாள். பரீட்சை லீவு விட்ட பிறகு தினமும் காலையும் மாலையும் பார்த்து, நோட்டில் அவள் கையெழுத்தில் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று ஒரு பக்கம். கடைசி ‘உண்டு’ ஏப்ரல் மூன்றாம் வாரம். செப்டம்பருக்கு இப்போதே பக்கம் பிரித்துத் தலைப்புப் போட்டுவிட்டாள். நான் ஜூன் வரை மாதம் ஒரு காலையாவது சதுப்புக்குப் போய்ச் சாம்பல் மூக்கன்களை எண்ணுவதாக இருக்கிறேன், எருமைக்கார அண்ணன் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் வரைக்கும்.