ரெண்டு கட்டு கீரையும் ஒரு இரும்பு... இல்லை, கார்பன் வால்வும்

சின்ன வயதில் வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல் 46 வயதில் திரும்பி வந்து கணக்குக் கேட்டது. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி புளோக்கில் மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனதால் இதய நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்க முடிந்தது. எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பழைய காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

எதை வைப்பது? அறுவை நிபுணர் இரண்டு மாதிரிகளை மேசையில் வைத்தார். ஒன்று பைரோலிட்டிக் கார்பனில் செய்தது. இரட்டைக் கதவு போல இரண்டு அரைவட்டத் தகடுகள். ஆயுள் முழுக்க உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரையும் உண்டு. இன்னொன்று மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வில் செய்தது. அதற்கு அந்த மாத்திரை காலமெல்லாம் வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துவிடும், வயது குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரமே. “மாட்டுச் சவ்வாடி? வேணவே வேணாம்” என்று அம்மா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கோ இரண்டாவது முறை நெஞ்சைத் திறக்கும் பயம். கார்பனே போதும் என்றேன்.

1960இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் செய்த வால்வு, கூண்டுக்குள் ஓடும் ஒரு பந்துதானாம். அதையும் மைட்ரல் இடத்தில்தான் வைத்தார்கள். நாகர்கோவிலில் இருக்கும் மாமா மகனுக்குத் திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு. 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதில் சாய்ந்து திறக்கும் ஒற்றை வட்டு, அதுவும் பிளாஸ்டிக். “எனக்கெல்லாம் சத்தமே கேக்காது” என்று இன்றும் போனில் பீற்றிக்கொள்வான்.

நான் எதிர்பார்க்காத தடங்கல் பல். வாயில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் போய்ப் புது வால்வில் ஒட்டிக்கொள்ளுமாம்; அதனால் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் அறுவை தேதி. இரண்டு கடைவாய்ப் பற்கள் போயின. பிறகு அந்தக் கிளினிக் கடிதத்தில் வேறு யாருடைய பற்களையோ எழுதிக் கொடுத்ததில் இரண்டு வாரம் வீண். அறுவைகூட இவ்வளவு எரிச்சல் தரவில்லை. பணத்துக்கு மெடிஷீல்டு லைஃப் காப்பீடும் மெடிசேவ் சேமிப்பும் பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டன.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி, அமைதியில் டிக் டிக். கணவர் எழுந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு. என் வால்வுக்கு அது 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினோடு மல்லுக்கட்டும் என்று கேட்டதும் நான் கீரையையே விட்டேன், பெரிய புத்திசாலி மாதிரி. அளவு 4.8க்கு ஏறி, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். “கீரைய விடச் சொல்லலக்கா, வாரா வாரம் ஒரே அளவா சாப்பிடுங்கன்னுதான் சொன்னோம்” என்று தாதி தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமை தோறும் தேக்கா சந்தை. கீரைக்காரர், “முருங்கை நல்லா வந்திருக்கு, ஒரு கட்டு சேத்துத் தரவா?” என்பார்.

“வேணாண்ணே, ரெண்டேதான்.”