ஆய்வுக் கட்டுரை எழுதத் தானே பழகுவது: பத்து வாரத் திட்டம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ததும் பலர் முதலில் வாங்குவது ஆங்கில இலக்கணப் புத்தகம். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்திலும் கடலூர்க் கல்லூரிகளிலும் வரைவுகள் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம், ஒரு பத்தி என்ன சொல்ல வருகிறது என்பது படிப்பவருக்குப் பிடிபடாததுதான். அதனால் பாடத்திட்டத்தை வெளியே தேடாமல், உங்கள் பழைய எழுத்திலிருந்தே எடுங்கள். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் முறை ஒன்றுதான்.

கருத்தரங்கத்தில் வாசித்த கட்டுரையிலிருந்து நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்; வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி விடவும். ஒவ்வொரு பத்தியிலும் மையக் கருத்தைத் தாங்கும் ஒரே வாக்கியத்தைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் ஓரத்தில் 0, இரண்டு இருந்தால் 2. அடுத்த சுற்றில் சான்று இல்லாத கூற்று, எதைச் சுட்டுகிறது என்று தெரியாத 'இது', மூச்சு முட்டும் நீள வாக்கியம் ஆகியவற்றைக் குறியுங்கள். அதிகம் வந்த மூன்று குறைகள்தான் பத்து வாரத்துக்கான பாடம். எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் திருத்த இறங்குகிறவர்கள் இரண்டாம் வாரத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

மாதிரிக்கு மூன்று கட்டுரை போதும். நீங்கள் அனுப்ப நினைக்கும் ஆய்விதழில், கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தவையாகவும், உங்கள் ஆய்வு முறைக்கு நெருக்கமானவையாகவும் இருக்கட்டும். துறையின் பெரிய பெயர்களை மாதிரியாக வைக்காதீர்கள். அவர்கள் உரிமையோடு எடுக்கும் சுதந்திரத்தை ஒரு புது ஆய்வாளருக்கு மதிப்பீட்டாளர் தரமாட்டார். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் கிடைக்கும் ஆய்வேடுகள் அத்தியாய அமைப்பைப் பார்க்க நல்லவை. வாக்கிய மாதிரிக்கு உதவாது, ஏனெனில் பெரும்பாலும் அவை பதிப்பாசிரியர் கையைக் கண்டவை அல்ல. சமூக அறிவியலோ இந்தியவியலோ சூழலியலோ படிப்பவர்கள், 1955 முதல் புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தையும் கணக்கில் வையுங்கள். நேரத்தையும் அனுமதி முறையையும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இனி இந்தத் திட்டத்தின் உயிரான பகுதி, முன்னுரையைப் பிரித்துப் பார்ப்பது. ஆய்வு எழுத்தை ஆராய்ந்த மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் விளக்கிய மூன்று நகர்வுகளைக் கையில் எடுங்கள்: களத்தைக் காட்டுவது, அதில் உள்ள இடைவெளியைக் காட்டுவது, அந்த இடைவெளியில் உங்கள் ஆய்வை நிறுத்துவது. மூன்று மாதிரிக் கட்டுரைகளின் முன்னுரையிலும் இவற்றை மூன்று வண்ணத்தில் தீட்டுங்கள். பிறகு உங்களுடையதையும் அப்படியே செய்யுங்கள். நம்மவர் முன்னுரைகளில் முதல் வண்ணமே பக்கம் பக்கமாக ஓடும். இரண்டாவது வண்ணம் கண்ணிலேயே படாது.

ஒரு சிறிய பயிற்சி. "தானே புயலால் விவசாயிகள் பல்வேறு இன்னல்களுக்கு ஆளாயினர். இது குறித்து ஆராய்வது அவசியமாகிறது." இதில் ஆண்டும் இல்லை, இடமும் இல்லை, யார் என்ற விவரமும் இல்லை. மாற்றி எழுதினால்: "2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. நாம் பார்த்த ஆய்வுகள் பயிர் இழப்பைக் கணக்கிடுகின்றன. புதுக் கன்று காய்ப்புக்கு வரும்வரை தோப்புக் கூலிகள் எதை நம்பிப் பிழைத்தார்கள் என்று கேட்கவில்லை. இக்கட்டுரை அதைக் கேட்கிறது." இதில் இடைவெளியைக் காட்டும் நடுப்பகுதிதான் கடினம். அந்த ஆய்வுகளை உண்மையிலேயே படித்தவரால் மட்டுமே அதை எழுத முடியும். முன்னுரை வரவில்லை என்று தவிப்பவர்களுக்குப் பல நேரம் குறை எழுத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது.

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு நாள் முக்கால் மணி நேரம் புதிதாக எழுத. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வெட்ட, திருத்த. எழுதும் நேரத்தில் திருத்தாதீர்கள். சனிக்கிழமைக்கு ஒரே ஒரு குறையை மட்டும் எடுங்கள். மூன்று குறைகளுக்கும் மும்மூன்று வாரம், பத்தாவது வாரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க.

அடுத்தவர் கருத்தைச் சுருக்கி எழுதுவதில்தான் மாட்டிக்கொள்வது அதிகம். மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் வாக்கிய எலும்புக்கூடு அப்படியே நிற்கும். ஒப்புமைச் சோதனையில் அது தெரிந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. ஆய்வேட்டில் 10-க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்திக் கொடுக்க ஆறு மாதத்துக்கு மிகாத அவகாசம். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு திருத்தப் பிரதி தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தற்காப்பு எளிது: மூலத்தைப் படித்து மூடுங்கள், சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள், மேற்கோள் விவரத்தை அப்போதே ஸோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் ஏற்றுங்கள். அது இலவசம், 300 எம்பி வரை இணையச் சேமிப்பும் தரும். பிடிஎஃப் நிறைந்துவிட்டால் கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு நூல் விவரங்களை மட்டும் இணையத்தோடு இணைக்கலாம்.

படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். உங்கள் துறைக்கு வெளியே உள்ளவராக இருந்தால் இன்னும் நல்லது. "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்லுதுன்னு ஓரத்துல ஒரு வரி எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். அவர் எழுதிய வரியும் நீங்கள் அடிக்கோடிட்ட வாக்கியமும் பொருந்தாத பத்திகளை மட்டும் திரும்ப எழுதினால் போதும். வழிகாட்டிக்கும் முழு அத்தியாயத்தை அனுப்ப வேண்டாம். மூன்று பக்கமும், மேலே நீங்கள் பதில் எதிர்பார்க்கும் இரண்டு கேள்வியும் அனுப்பினால் அவர் உட்கார்ந்து படித்துக் குறிப்பு எழுதித் தர வாய்ப்பு அதிகம்.