சவுக்குக் கிளையும் சீரியல் செட்டும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு கிறிஸ்துமஸ் மரம் என்றால் இன்றைக்கும் சவுக்குக் கிளைதான். பிளாஸ்டிக் மரத்தில் அந்தப் பச்சை வாசம் எங்கே இருக்கிறது? ஆனால் வெட்டிய சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்து சருகாகிவிடும். தொட்டாலே உதிரும். அப்புறம் அது மரமில்லை, அடுப்புக்கு வைத்த சுள்ளி.

பல வருடங்களுக்கு முன் நான் செய்த கூத்து ஒன்று. பழைய சீரியல் செட்டில் பல்பு ஃபியூஸ் ஆக ஆக, அதை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை முறுக்கி ஒட்டிக்கொண்டே வந்தேன். பெரிய எலக்ட்ரீஷியன் என்ற நினைப்பு! 230 வோல்ட்டை மிச்சமிருக்கும் பல்புகள்தானே பங்கு போட்டாக வேண்டும்? ஒவ்வொன்றும் கூடுதலாகச் சுட்டது. ஒருநாள் ராத்திரி கருகல் வாடை. நல்லவேளை, அம்மா முழித்திருந்தாள். “ஏல, பிளக்கப் புடுங்குல!” என்ற சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. நாலைந்து இலைதான் கருகியிருந்தது.

இப்போது எல்இடி செட்தான், அவ்வளவாகச் சுடாது. காகித ஸ்டாருக்குள்ளும் குண்டு பல்பு கிடையாது. கிளையை ஈர மணல் வாளியில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். வாசலை மறிக்காமல் மூலையில் நிற்கிறது. கரண்டு போனாலும் மெழுகுவர்த்தி அந்தப் பக்கம் போகாது. படுக்கும்முன் சுவிட்சை அணைப்பது என் வேலை.

அணைத்துவிட்டேன் என்று சொன்னாலும் அம்மா நம்புவதில்லை. எழுந்து வந்து பிளக்கைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள்.