அரியமான் முதல் சாயல்குடி வரை: ‘டக்’ சத்தத்தை நம்பாதீர்கள்

முதலில் திட்டிவிடுகிறேன், ஊரின் புகழ் பிறகு. மதுரையில் எங்களுக்கு ஜீப்பும், அதன் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் கேரவனும் வாடகைக்கு விட்டவர், கேரவனை வேறொரு வண்டியில் இழுத்து வந்து அரியமான் கடற்கரையில் நிறுத்துவதற்கு மட்டும் தனியாக 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். “ஜீப்பைப் பின்னால் கொண்டுபோய் மாட்டுங்கள். டக்கென்று சத்தம் வந்தால் முடிந்தது.” அவர் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

சத்தம் என்னவோ அருமையாகத்தான் வந்தது. நான் ஏறப் போனேன். மச்சான் விடவில்லை. துபாயில் படகு டிரெய்லர் இழுத்தவர் அவர். “இருங்கள் மாப்பிள்ளை, தூக்கிப் பார்க்காமல் கிளம்பக் கூடாது” என்று கேரவனின் முன்பக்க ஜாக்கி சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையை வைத்தார். இல்லாவிட்டால் அந்த மணலில் சக்கரம்தான் புதையும். பிறகு கைப்பிடியைச் சுற்றினார். கேரவனின் முன்முனையில் ஜீப்போடு பூட்டிக்கொள்ளும் கப்ளிங் உண்மையிலேயே பிடித்திருந்தால் ஜீப்பின் பின்பக்கமும் கூடவே எழும்ப வேண்டும். ஜீப் அசையவே இல்லை. கப்ளிங் மட்டும், ஜீப்பின் பின்னால் இருக்கும் டோ பால் என்ற இரும்புக் குண்டைவிட்டு நழுவி மேலே வந்துவிட்டது.

துணியால் கிரீஸைத் துடைத்துப் பார்த்தோம். பாலின் தலையில் ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம் என்று பொறித்திருந்தது. கப்ளிங்கிலோ இரண்டு அங்குலம். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தான். சமதளத்தில் ஒன்றும் தெரியாது, பூட்டும் விழும், சத்தமும் வரும். முதல் வேகத்தடையில் கேரவன் தனியாக, நாம் தனியாக. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகத்தடைகளுக்கா பஞ்சம்?

வாடகைக்கு விட்டவரோடு போனில் நடந்த சண்டையை எழுதினால் கட்டுரை நீண்டுவிடும். சரியான பாலை மதுரையிலிருந்து பஸ் பார்சலில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

அது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று உச்சிப்புளியில் பஸ் ஏறி ராமேஸ்வரம் போனோம். பாம்பனில், 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்களின் துண்டுகள் பறந்தன. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். எல்லோரும் அதைப் படம் எடுக்க, நான் குறுக்கே அடித்த காற்றைத்தான் கவனித்தேன். உயரமான, எடை குறைந்த ஒரு பெட்டியை அந்தக் காற்றில் இழுத்துப் போகும் ஆசை அங்கேயே போய்விட்டது. அரிச்சல்முனைக்கும் கேரவன் வேண்டாம் என்பேன். சாலையில் மணல், முனையில் கூட்டம்.

மதியம் மண்டபத்தில், ஓலைக் கொட்டகை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. நகரை மீன் வறுவலும் நண்டுக் குழம்பும். நண்டுக் குழம்பில் மிளகாய் சுள்ளென்று ஏறியது, குண்டு மிளகாய் விளையும் மாவட்டமல்லவா! இருவருக்கும் சேர்த்து 420 ரூபாய். இந்தப் பயணத்தில் மனநிறைவோடு கொடுத்த பணம் இது ஒன்றுதான்.

பார்சல் வந்தது. பழைய பாலின் அடியிலிருந்த நட்டு, உப்புக் காற்றில் துருவேறி இறுகியிருந்தது. உச்சிப்புளியில் டிராக்டர் மெக்கானிக் ஒருவர் நீண்ட ஸ்பேனரோடு வந்து கழற்றி, புதியதை மாட்டி இறுக்கினார். எங்கள் பூட்டைப் பார்த்துவிட்டு, “டிராக்டரில் பின் போட்டால், அந்தப் பின் கழலாமல் இருக்க ஒரு கிளிப்பும் போடுவோம் சார். இதற்கு எங்கே?” என்றார். கப்ளிங் கைப்பிடியில் அதற்கென்றே துளை இருந்தது, பின்னைத்தான் காணோம். அவரே ஒன்றைத் தேடிப் போட்டார். கூலி 200 ரூபாய் போதும் என்றார்.

மறுபடியும் ஜாக்கியைச் சுற்றினோம். இந்த முறை ஜீப்பின் பின்பக்கம் முனகிக்கொண்டே எழும்பியது. பார்க்கவே ஆனந்தமாக இருந்தது! அதன் பிறகுதான் ஜாக்கி சக்கரத்தை முழுவதும் மேலே ஏற்றிப் பூட்டினோம், பிளக் செருகி விளக்குகளைப் பார்த்தோம். கேரவனை ஜீப்போடு இணைக்கும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாட்டச் சொன்னார் மச்சான். கப்ளிங் கழன்றாலும் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். தரையில் உரசக் கூடாது, திருப்பத்தில் இழுபடவும் கூடாது, அந்த அளவு தளர்வு வேண்டும். மெல்லிய பிரேக் கேபிள் ஒன்றும் உண்டு. அது கேரவனைப் பிடித்து வைப்பதற்கு அல்ல. வண்டி பிரிந்தால் கேரவனின் கை பிரேக்கை இழுத்துவிட்டுத் தானும் அறுந்துவிடும். ஆகவே அதைச் சங்கிலியோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள்.

கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் சுகமாகப் போயின. கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்கத் தவறாதீர்கள். சாயல்குடியில்தான் தகராறு. கருப்பட்டி மலிவு என்று வாங்கிக் குவித்தேன். பின்கதவு ஓரத்தில் அடுக்கலாம் என்ற என் யோசனையை மச்சான் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். பின்பாரம் கூடினால் முன்பக்கம் லேசாகி, வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். கேரவனின் மொத்த எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை டோ பாலின் மேல் அமர வேண்டுமாம். ஆயிரம் கிலோ என்றால் 50 முதல் 70 கிலோ. மூட்டைகள் சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையில் போயின. நான் படுக்கும் இடத்தில்! அப்படியும் ஆடினால் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும். ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்திலும் பின்னையும் சங்கிலியையும் பார்த்த பிறகுதான் டீ.

மதுரையில் வண்டியை ஒப்படைத்தபோது முன்பணத்தில் 900 ரூபாய் பிடித்துக்கொண்டார் அந்த மனிதர். எதற்கு என்று கேட்டேன். பஸ் பார்சல் கட்டணமும், புதிய டோ பாலின் வாடகையுமாம்.